அப்பாக்கள் பெயருக்குப் போன கடிதங்கள்

1. பதினோரு போன்

காலை பத்து மணிக்குள் பதினோரு போன். எல்லாம் அப்பாக்களைப் பற்றி.

முதலில் கூப்பிட்டது பாசிர் ரிஸ்ஸிலிருந்து ஒரு பெண். "மேடம், எங்கப்பா உங்க ஸ்கூல்ல படிச்சவர்னு இன்னைக்குத்தான் எங்களுக்கே தெரியுது. அவரு படிச்சது மூணாங்கிளாஸு, அதுவும் மன்னார்குடில" என்று சிரித்தாள். அடுத்தவர் சிரிக்கவில்லை. "எங்கப்பா போயி இருபது வருஷமாச்சு. ஜூலை சந்திப்புக்குக் கட்டாயம் வரணும்னு அவருக்கு எழுதியிருக்கீங்க. நெசமாவே வந்துட்டா நீங்க அங்க நிப்பீங்களா?" மூன்றாவது ஆள், "எங்கப்பாகிட்டயா டொனேஷன் கேக்குறீங்க? பெத்த புள்ள எனக்கே ஒரு கப் கோப்பி வாங்கித் தர மாட்டாரு. குட் லக் லா" என்று வைத்துவிட்டான்.

என் பெயர் விமலா. சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கும் ஒரு பள்ளியில், பழைய மாணவர் பிரிவில் பதினேழு வருஷம் வேலை பார்த்து இப்போது வீட்டில் இருக்கிறேன். நான் சொல்வது அந்த வேலையின் கடைசி வருஷங்களில் நடந்தது.

தப்பு என்னுடையதுதான். அந்த வருஷம் புது சாஃப்ட்வேர் வாங்கியிருந்தார்கள். சீனப் பெயரில் முதல் சொல்லையும் மற்றப் பெயர்களில் கடைசிச் சொல்லையும் குடும்பப் பெயர் என்று அதுவாகவே எடுத்துக்கொள்ளும். நம் ஆட்களுக்கு அடையாள அட்டையில் பெயர் எப்படி இருக்கும்? கலைவாணி டி/ஓ ஆறுமுகம். அந்த மெஷினுக்கு டி/ஓ என்றால் மகள் என்று யார் சொல்லிக் கொடுப்பது? கலைவாணியை விட்டுவிட்டு "அன்புள்ள திரு ஆறுமுகம் அவர்களுக்கு" என்று அச்சடித்துவிட்டது. தமிழ் வகுப்புப் பழைய மாணவர்களுக்குத் தமிழில் ஒரு பக்கம், ஆங்கிலத்தில் ஒரு பக்கம் என்று பார்த்துப் பார்த்து நான் எழுதிய கடிதம். அனுப்புவதற்கு முன்னால் மாதிரிக்கு மொத்தப் பட்டியலின் முதல் பக்கத்தைச் சரிபார்த்தேன். ஆங், சான், சுவா என்று சீனப் பெயர்கள். எல்லாம் சரியாக இருந்தது. நம் பெயர்களைத் திருப்பிப் பார்க்கவே இல்லை. தமிழச்சி நான், எனக்கு இது தேவைதான்!

என் மேலதிகாரி மிஸ் டான் ஒரு கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். "விமலா, ஹவ் கம் எல்லா ஃபாதரும் நம்ம ஸ்டூடண்ட்?" என்றார். பூமி பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்று இருந்தது.

2. கேட்கிற மாதம், கேட்காத மாதம்

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள், வருஷத்துக்கு ஒரு கடிதம் போட்டுப் பணம் கேட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். அப்படிச் செய்தால் இரண்டே வருஷத்தில் நம் கவரைப் பிரிக்காமலே குப்பையில் போடுவார்கள். என் மேசைக்கு எதிரே பன்னிரண்டு மாதத் திட்டம் ஒட்டியிருக்கும். ஜனவரியில் பட்டியலைச் சுத்தம் செய்வது. மாதா மாதம் ஈமெயிலில் நியூஸ்லெட்டர். ஏப்ரலில் வசதி இல்லாத பிள்ளைகளுக்கான உதவி நிதிக் கடிதம். ஜூலையில் சந்திப்பு. செப்டம்பரில் ஆசிரியர் தினத்தை ஒட்டி வாழ்த்து அட்டைகள். டிசம்பரில் நன்றிக் கடிதம், ஒவ்வொன்றும் கையால். ஒரு மாதம் கேட்டால் மூன்று மாதம் ஒன்றும் கேட்காமல் பேசிக்கொண்டிருக்க வேண்டும். அப்போதுதான் நம்மை மனிதர்களாக மதிப்பார்கள்.

இன்னொரு சட்டமும் வைத்திருந்தேன். வாய் வார்த்தையை நம்பி யாரிடமும் போய்ச் சொல்லாதே. கையெழுத்துப் போட்ட ஃபார்ம் வந்த பிறகு சொல். ஒரு முறை ஒரு பழைய மாணவர் விருந்தில் வைத்துப் பள்ளிக்குப் பியானோ வாங்கித் தருகிறேன் என்றார். நான் ஓடிப் போய் இசை டீச்சரிடம் சொல்லிவிட்டேன். அந்தம்மா அலமாரியை நகர்த்தி இடம் செய்து, தரையைத் துடைத்து வைத்தார். பியானோ வரவே இல்லை. அந்தக் காலி மூலையைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருக்கும். அன்றிலிருந்து வாயைப் பூட்டிக்கொண்டேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இதனால்தான் பின்னால் வினை வந்தது.

3. செம்பவாங்கிலிருந்து வந்தவர்

அப்பாக்கள் விவகாரம் அடங்கி நாலு நாள் இருக்கும். ஒரு பெரியவர் நேரிலேயே வந்துவிட்டார். எழுபத்தைந்து வயது சொல்லலாம். முழுக்கைச் சட்டை, வாரிய தலை, கையில் பிளாஸ்டிக் ஃபைல். ஃபைலுக்குள் எங்கள் கடிதம்.

"டீச்சர், நான் ஆறுமுகம். செம்பவாங். கப்பல் பட்டறையில கிரேன் ஓட்டுனேன். எனக்கு நீங்க லெட்டர் போட்டிருக்கீங்க."

நான் டீச்சர் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவருக்குப் பள்ளிக்கூடத்துக்குள் உட்கார்ந்திருக்கிற எல்லோரும் டீச்சர்தான். மன்னிப்புக் கேட்கத் தயாராக இருந்தேன். அவரோ நாற்காலி நுனியில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"நான் படிக்கலைன்னு எனக்குத் தெரியும். என் மக படிச்சா, கலைவாணி. 'உங்களை மீண்டும் காண ஆவலாக இருக்கிறோம்'னு எழுதியிருக்கீங்க. அவளப் பத்தி ஏதும் சேதி இருந்துதான் என்னைக் கூப்பிட்டீங்களோன்னு வந்தேன்."

மெஷின் செய்த தப்பு என்று சொன்னேன். "சரிதான், சரிதான்" என்று தலையாட்டினார். ஆனால் எழுந்திருக்கவில்லை. அவராகவே சொன்னார். மனைவி சின்ன வயதிலேயே இறந்துவிட்டார். ஒற்றை ஆளாக வளர்த்த பெண். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இவரிடம் சொல்லாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, அப்புறம் போனில் சொல்லியிருக்கிறாள். இவருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"நான் சொன்னது ஒரே வார்த்தைதான் டீச்சர். இனிமே இந்த வீட்டுக்குப் போன் பண்ணாதேன்னேன். என் மக சின்னப் புள்ளையிலேருந்தே சொன்ன பேச்சைக் கேக்குற பொண்ணு."

அதற்குப் பிறகு அவள் ஆஸ்திரேலியா போய்விட்டாள் என்று யாரோ சொன்னார்களாம். அதோடு சரி. வீட்டு லைனைப் பல வருஷம் வெட்டாமல் வைத்திருந்தாராம், எப்போதாவது மணியடிக்கும் என்று. நாலு வருஷத்துக்கு முன்னால்தான் எடுத்துவிட்டு ஹேண்ட்போன் வாங்கினார். "உங்ககிட்ட அவ அட்ரஸ் இருக்கா டீச்சர்?" என்று கேட்டார்.

கம்ப்யூட்டரைப் பார்த்தேன். வீட்டு விலாசம் பழைய செம்பவாங் விலாசம்தான். ஆனால் ஈமெயில் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளே எங்கள் இணையப் பக்கத்தில் வந்து பதிந்துகொண்டது. பக்கத்தில் இன்னொரு விவரமும் தெரிந்தது. நாங்கள் அனுப்பும் நியூஸ்லெட்டரை யார் திறந்து பார்க்கிறார்கள் என்று சிஸ்டம் காட்டும். கலைவாணி ஒரு மாதம்கூட விட்டதில்லை. மூன்று வருஷம், ஒவ்வொரு இதழும். சிலவற்றை இரண்டு மூன்று தடவை திறந்திருந்தாள். எங்கள் நியூஸ்லெட்டரில் அப்படி என்ன இருக்கும்? நெட்பால் குழு ஜெயித்தது, கேன்டீனுக்குப் பெயின்ட் அடித்தது. அதைப் போய் ஒருத்தி எங்கோ உட்கார்ந்து மூன்று தடவை படிக்கிறாள்.

திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டக் கை நீண்டது. ஆனால் சொல்ல முடியாது. தனிப்பட்ட விவரத்தைப் பெற்றவருக்கே ஆனாலும் அவள் சம்மதம் இல்லாமல் கொடுக்கச் சட்டம் இடம் தராது. "இல்லை அங்கிள், கொடுக்கிற மாதிரி ஒண்ணும் இல்லை" என்றேன். பொய் சொல்லக் கூடாது என்று அப்படிச் சுற்றி வளைத்தேன். அவர் நன்றி சொல்லிவிட்டு ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார்.

4. ஜூலைப் படம்

மிஸ் டானிடம் கேட்டேன், அந்தப் பெண்ணுக்கு ஒரு வரி எழுதவா என்று. அவர் வேண்டாம் என்றார். கல்நெஞ்சக்காரர் இல்லை. அவர் சொன்ன காரணம் எனக்கே உறைத்தது. குடும்ப விஷயத்தை இழுத்தால் அவள் ஒரே கிளிக்கில் பட்டியலிலிருந்து விலகிவிடுவாள். அப்புறம் எங்களுக்கும் அவள் இல்லை, அவருக்கும் இல்லை. "அவள் நம்மிடம் ஒரு கதவைத்தான் திறந்து வைத்திருக்கிறாள், அதைப் போய் ஆட்டாதே" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

ஆனால் நியூஸ்லெட்டரில் என்ன போடுவது என்பது என் இஷ்டம்தானே?

ஜூலை சந்திப்புக்கு ஆறுமுகம் அங்கிளை விருந்தினராக அழைத்தேன். ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டார். கத்தரிப்பூ நிறத்தில் பூப்போட்ட புது பத்தேக் சட்டை. கலைவாணியின் வகுப்புப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். பிள்ளைகள் என்றால் நாற்பதை நெருங்குகிறவர்கள். ஒருத்தி அவரைப் பார்த்ததும், "கலை அப்பாதானே? ஸ்போர்ட்ஸ் டேக்கு பட்டறை ஓவரால் போட்டுக்கிட்டே வருவீங்களே, ஃபுல்லா கிரீஸ் ஸ்மெல்!" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். வகுப்புப் படம் எடுக்கும்போது அவரையும் இழுத்து நடுவில் நிறுத்தினார்கள். அவர் கூச்சத்தில் நெளிந்து, பிறகு மீ கோரெங் நூடுல்ஸ் தட்டோடு மகளின் பழைய வகுப்பறைக்குப் போய் ஒரு பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். "அவ எந்த எடத்துல உக்காருவா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஜன்னலோரம் என்று சும்மா சொல்லிவைத்தேன். அவர் அங்கே மாறி உட்கார்ந்தார்.

விருந்தினர் ஃபார்மில் கையெழுத்து வாங்கினேன். படம் போடச் சம்மதம், தொலைபேசி எண் தரச் சம்மதம். "யாரு கேட்டாலும் குடுங்க டீச்சர், போர்டுல வேணாலும் எழுதிப் போடுங்க" என்றார்.

ஆகஸ்ட் இதழில் அந்தப் படம் முதல் பக்கம். கீழே பெயர்கள், அதில் "திரு ஆறுமுகம், கலைவாணியின் தந்தை". அனுப்பிவிட்டு, அடுப்பில் பாலை வைத்தவள் மாதிரி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். கலைவாணி முதல் நாளே ஆறு தடவை திறந்தாள். வாரம் முடிவதற்குள் பதினேழு. எட்டாவது நாள் பதில் வந்தது. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ், ஒரே வரி.

"அந்தச் சட்டையை அப்பாவுக்கு யார் வாங்கிக் கொடுத்தது?"

அதைப் படித்துவிட்டு அழுதேன், மறைப்பானேன்? அப்பாவைப் பார்த்துக்கொள்ள வேறு யாரோ இருக்கிறார்களா என்று கேட்கிறாள். அங்கிளுக்குப் போன் போட்டு, பேச்சோடு பேச்சாகச் சட்டையைப் பற்றி விசாரித்தேன். "நானேதான் தேக்கா மார்க்கெட்டுல வாங்குனேன். ஸ்கூலுக்கு வர்றேன்ல, அவ மானம் போகக் கூடாதுல்ல" என்றார். அதை அப்படியே கலைவாணிக்கு எழுதினேன். மறுநாள் இரண்டாவது வரி வந்தது: "அவர் நம்பர் வேண்டும்." அனுப்பினேன்.

இப்போது அங்கிளிடம் சொல்ல வேண்டுமா, வேண்டாமா? நம்பர் கேட்டாள், சரி. கூப்பிடுவேன் என்று சொல்லவில்லையே. சொல்லிவிட்டு, அவள் மனம் மாறிவிட்டால்? அந்தக் கிழவர் அலமாரியை நகர்த்தி இடம் செய்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே! வரட்டும், வந்த பிறகு அவரே சொல்வார் என்று வாயை மூடிக்கொண்டேன்.

செப்டம்பர் இதழ் போனது. கலைவாணி திறக்கவில்லை. ஒரு நாள், நாலு நாள், ஒரு வாரம். மூன்று வருஷத்தில் முதல் முறை. தினமும் காலையில் கம்ப்யூட்டரைத் திறந்ததும் முதலில் அந்தப் பெயரைத்தான் பார்ப்பேன். நான்தான் அவசரப்பட்டு எதையோ கெடுத்துவிட்டேன் என்று மனம் அடித்துக்கொண்டது.

5. பிளஸ் நம்பர்

ஆசிரியர் தினம் முடிந்த அடுத்த வாரம், மிச்சமிருந்த அட்டைகளைக் கவரில் போடத் தொண்டர்கள் வந்திருந்தார்கள். ஜூலைக்குப் பிறகு ஆறுமுகம் அங்கிளும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். கவர் ஒட்டுவதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. அன்று ரொம்ப உற்சாகமாக இருந்தார்.

"டீச்சர், ஒரு விஷயம் கேளுங்க. என்னை ஏமாத்தப் பாத்தாங்க. நான் மாட்டுவேனா?"

"என்ன அங்கிள்?"

"போன மாசக் கடைசியில ஒரு போன். பிளஸ் போட்டு ஆரம்பிக்குது. சமூக மன்றத்துல வயசானவங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்கல்ல, பிளஸ் நம்பர்னா வெளிநாடு, வந்தா உஷாரு, சொந்தக்காரங்க மாதிரிப் பேசுவாங்கன்னு. அதே மாதிரி! ஒருத்தி, 'அப்பா, நான் கலை பேசுறேன்'ங்குறா. பேரு முதக்கொண்டு தெரிஞ்சு வச்சிருக்காளுங்க டீச்சர்! குரலு வேற எங்க கலை குரலே இல்ல, வெள்ளைக்காரி மாதிரி இழுத்து இழுத்து. அழுற மாதிரி வேற நடிப்பு. நல்லாக் கேட்டேன். 'ஏம்மா, இப்படி ஒரு பொழப்புப் பொழைக்க உனக்கு வெக்கமா இல்லையா'ன்னு கேட்டு, டப்புனு வச்சுட்டேன்."

பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் "சபாஷ் அங்கிள்" என்றார்கள். ஒருவர் கை தட்டினார். நான் கையிலிருந்த அட்டைகளை மேசையில் வைத்தேன்.

நான் அவரைத் தனியாக என் அறைக்குக் கூட்டிப் போனேன். கதவைச் சாத்தினேன். எப்படிச் சொல்வது என்று யோசிக்க நேரமில்லை.

"அங்கிள், அது கலைவாணிதான். நான்தான் நம்பர் குடுத்தேன்."

கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. "அவ குரலு எனக்குத் தெரியலையே" என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். "பெத்த மக குரலு எனக்குத் தெரியலையே டீச்சர்."

இந்த இடத்தில் நான் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன், இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு உதவும். பணம் தருகிறேன் என்கிற வாக்கைப் பொத்தி வைப்பது சரி. மனிதர்கள் விஷயத்தில் அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்து போடாதீர்கள். அவர் ஏமாந்துவிடக் கூடாது என்று நினைத்தேன் என்பதெல்லாம் நான் எனக்கே சொல்லிக்கொண்ட சமாதானம். அவர் ஏமாந்தால் அந்த முகத்தை நான் பார்க்க வேண்டியிருக்குமே என்று பயந்தேன், அதுதான் உண்மை. "அவ கூப்பிடலாம், கூப்பிடாமலும் போகலாம், பிளஸ் நம்பர் வந்தா எடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், இந்தப் பாவம் என் தலையில் விழுந்திருக்காது.

"நம்பர் போன்ல இருக்கும், நாமளே கூப்பிடலாம் அங்கிள்" என்றேன். அவர் மெதுவாக ஹேண்ட்போனை எடுத்து என்னிடம் நீட்டினார். "நான் பிளாக் பண்ணிட்டேன் டீச்சர். அதையும் சொல்லிக் குடுத்தாங்க."

என் அண்ணன் வைத்திருப்பதும் அதே போன்தான், அதனால் எங்கே தேட வேண்டும் என்று தெரியும். தடுத்த அழைப்புகள் என்று ஒரு பட்டியல் இருக்கும். திறந்தேன். ஒரே நம்பர், வரிசையாக. அவர் வைத்த அன்றே மூன்று. மறுநாள் இரண்டு. அப்புறம் இரண்டு நாளைக்கு ஒன்று. கடைசியாக வந்தது முந்தாநாள்.

"என்ன போட்டிருக்கு?" என்றார். கண்ணாடி கொண்டுவரவில்லை.

"ஒம்பது தடவை கூப்பிட்டிருக்கா அங்கிள்."

அவர் விரலை மடக்கி எண்ணுவதுபோல எதையோ செய்தார், பாதியில் விட்டுவிட்டார். நான் தடையை எடுத்துவிட்டு, நம்பரை அழுத்தி, போனை அவர் கையில் கொடுத்தேன். மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். உட்காருங்கள் என்றேன், காதில் விழவில்லை. எதிர்முனையில் மணி அடிப்பது எனக்கும் கேட்டது. ரொம்ப நேரம் அடித்தது. எடுக்க மாட்டாள் என்றே நினைத்துவிட்டேன். வெட்கமில்லையா என்று கேட்ட ஆளிடமிருந்து வருகிற போனை நானாக இருந்தால் எடுத்திருப்பேனா?

மணி நின்றது. யாரோ எடுத்தார்கள். ஆனால் அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

ஆறுமுகம் அங்கிள் தன் பெயரைச் சொல்லவில்லை, அவள் பெயரையும் சொல்லவில்லை. போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"வச்சுடாதம்மா" என்றார். "வச்சுடாத."